மஞ்சள் கொடியும் முகத்துவாரத்து மீனும்

கேள்வி: சுற்றுலா முகாமைத்துவம் படிக்கும் மாணவி நான். பெருந்தொற்றுக் காலத்தில் உல்லாசப் படகுச் சுற்றுலாவை உள்ளூர் மக்கள் எப்படிப் பார்த்தார்கள் என்று வெளிநாடுகளில் ஆராய்ந்திருக்கிறார்கள். கொழும்புத் துறைமுக நகரத்திலும் படகுத்துறை வருகிறது. இன்னொரு தொற்று வந்தால் நம் மக்கள் அந்தப் படகுகளை ஏற்பார்களா? பயம் முந்துமா, வருமானம் முந்துமா? கருத்துக் கணிப்பை எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்:

நான் ஆய்வாளன் அல்லன். கப்பல் முகவர் அலுவலகம் ஒன்றில் முப்பத்தொரு ஆண்டுகள் 'வோட்டர் கிளார்க்' வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கப்பல் நங்கூரம் போட்டதும் கையில் தாள்கட்டோடு முதலில் ஏணி ஏறுகிற ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடு கொட்டாஞ்சேனையில், ஒரு தொடர்மாடியின் மூன்றாம் தளத்தில். ஆகவே இந்தப் பதிலில் பாதி துறைமுகத்திலிருந்தும் மீதி அந்த மூன்றாம் தளத்து யன்னலிலிருந்தும் வருகிறது.

நீங்கள் பயம், வருமானம் என்று இரண்டைத் தராசில் வைத்திருக்கிறீர்கள். இரண்டையும் தூக்கி எறியக்கூடிய மூன்றாவது ஒன்று இருக்கிறது. 'எனக்கு ஒரு சட்டம், அவனுக்கு ஒரு சட்டமா?' என்கிற ஆற்றாமைதான் அது. கொழும்பில் 2020, 2021ஆம் ஆண்டுகளில் நான் கண்டதும் கேட்டதும் பெரும்பாலும் அதுதான். நோய்க்கு அஞ்சியவர்கள் இருந்தார்கள், யார் இல்லை? ஆனால் அந்த அச்சம் ஒரு மாதத்தில் பழகிவிட்டது. ஆற்றாமை பழகவில்லை.

முதலில் படகைப் பற்றிச் சொல்கிறேன். உல்லாசப் படகு என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு பிழைப்புகள் இருக்கின்றன. ஒன்று, கணவனும் மனைவியுமோ இரண்டு மூன்று நண்பர்களோ தங்கள் சொந்தப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றி வருவது. இவர்கள் தாய்லாந்திலிருந்தோ மலேசியாவின் லங்காவியிலிருந்தோ வடகிழக்குப் பருவக்காற்றைப் பிடித்துக்கொண்டு ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் இங்கே வந்து சேர்வார்கள். பிறகு மாலைதீவுக்கோ செங்கடல் பக்கமோ போய்விடுவார்கள். மே மாதம் தென்மேல் பருவக்காற்று எழும்பிவிட்டால் நம் மேற்குக் கரையில் சின்னப் படகுக்கு வேலையில்லை. இன்னொன்று வாடகைப் படகு. பயணி விமானத்தில் வந்து இறங்கி, ஒரு வாரத்துக்குப் படகை வாடகைக்கு எடுத்து, சுற்றிவிட்டு மறுபடி விமானம் ஏறுவார். உங்கள் வெளிநாட்டு ஆய்வுகள் பலவும் பேசுவது இந்த இரண்டாவது வகையைத்தான். இலங்கைக்கு வந்து பழகியதோ முதல் வகை. அதுவும் கொழும்புக்கு அல்ல, பெரும்பாலும் காலித் துறைமுகத்துக்கு.

தொற்று என்று வரும்போது இந்த வேறுபாடு சின்னதல்ல. புக்கெட்டிலிருந்து காலிக்கு ஏறத்தாழ ஆயிரத்து நூறு கடல் மைல். பாய்மரப் படகு ஒரு நாளில் நூற்றிருபது மைல் போனால் நல்ல ஓட்டம். ஆக, ஒன்பது பத்து நாட்கள் நடுக்கடலில் வேறு மனித முகத்தைப் பார்க்காமல் வருகிறார்கள். கொரோனாத் தொற்றின் அறிகுறி சராசரியாக ஐந்து நாட்களில் தெரிந்துவிடும். அரசு கேட்ட தனிமைப்படுத்தல் பதினான்கு நாட்கள். கரையை அடையும்போதே அவர்கள் பாதிக்கு மேல் கழித்துவிட்டார்கள். கொச்சியிலிருந்தோ மாலைதீவிலிருந்தோ வந்தால் கணக்கு வேறு. அது மூன்று நான்கு நாள் ஓட்டம்தான். வாடகைப் படகுப் பயணிக்கோ இந்தக் கணக்கே கிடையாது. முதல் நாள் காலை ஐரோப்பாவில் காப்பி குடித்தவர் மறுநாள் மாலை நம் கரையில் நிற்பார். அவர் கடல்வழி வந்தவர் போலத் தோற்றம் தருகிறார். உண்மையில் விமானத்தில் வந்தவர்.

துறைமுகத்தில் இதற்கெல்லாம் ஒரு பழைய அடையாளம் உண்டு: மஞ்சள் கொடி. ஒரு காலத்தில் அது நோய்க் கப்பலின் கொடி. இன்றைய சர்வதேசச் சமிக்ஞை முறையில் அதன் பொருள் தலைகீழாகிவிட்டது. 'என் கலத்தில் நோயில்லை, கரையோடு கலக்க அனுமதி தாருங்கள்' என்று கேட்கும் கொடி அது. சுகாதார அதிகாரி பார்த்துக் கையெழுத்துப் போட்டால் 'பிரட்டிக்', அதாவது கரையோடு கலக்கும் அனுமதி, கிடைத்துவிட்டது என்போம்; கொடி இறங்கும். முப்பது ஆண்டுகள் அது வெறும் சடங்காக இருந்தது. கையெழுத்து வாங்க எனக்கு ஐந்து நிமிடம் போதும், தேநீர் கொடுத்தால் பத்து. 2020இல் அந்தக் கையெழுத்துக்கு என்ன எடை இருந்தது என்று எல்லோருக்கும் தெரிந்தது. அப்போது ஊரை மூடப் பயன்பட்ட சட்டமும் 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் கட்டளைச் சட்டம்தான். கொள்ளை நோய் கப்பலில் வரும் என்று வெள்ளைக்காரன் அஞ்சிய காலத்தில் எழுதியது. அவன் அஞ்சியதும் தவறில்லை. 1914இல் பிளேக் கொழும்புக்கு வந்துதான் தீர்ந்தது.

இனி வருமானம். வேலை நிமித்தமாகச் சில பருவங்கள் காலிக்குப் போய்த் தங்கியிருக்கிறேன். படகொன்று வந்து கட்டியதும் முதலில் அதைச் சூழ்வது யார் தெரியுமா? முச்சக்கர வண்டிக்காரர். டீசல் கலன்களை நிரப்பி வருவது, மரக்கறிச் சந்தைக்கு அழைத்துப்போவது, பழுதான மின்பிறப்பாக்கியைத் திருத்த ஆள் பிடிப்பது எல்லாம் அவர்தான். அடுத்து துணி துவைக்கும் ஒரு பெண்மணி. பத்து நாள் கடலில் உப்பேறிய துணிகள் மூட்டை மூட்டையாக அவரிடம் போகும். 'வெள்ளைக்காரர்கள் பேரம் பேசமாட்டார்கள், ஆனால் உள்ளாடையைக்கூட எண்ணித்தான் கொடுப்பார்கள்' என்று அவர் சிரித்தது நினைவிருக்கிறது. பெரிய பணமில்லை. ஆனால் அது நேராகக் கைக்குக் கை போன பணம். அந்தப் பெண்மணியிடம் போய்ப் படகுச் சுற்றுலா நல்லதா கெட்டதா என்று கேட்டால் விடை ஒன்றுதான். கோட்டைக்கு வெளியே பஸ்ஸுக்கு நின்றவரிடம் கேட்டிருந்தால், படகா, எந்தப் படகு என்று திருப்பிக் கேட்டிருப்பார்.

கொழும்பில் நாம் எல்லோருமே அந்த பஸ்ஸுக்கு நின்றவர்கள்தான். இந்த நகரத்துக்குக் கப்பல் தெரியும், மீன்பிடி வள்ளம் தெரியும், உல்லாசப் படகு தெரியாது. துறைமுகத்துக்குள் ஒரு பழைய படகுச் சங்கம் உண்டு, பொல்கொடை ஏரியில் வார இறுதியில் பாய் விரிப்பவர்கள் உண்டு. வெள்ளவத்தைக் கடற்கரையில் நடக்கப் போகும் நம் ஆட்களில் எத்தனை பேர் அவற்றைக் கண்டிருக்கிறார்கள்? சுற்றுலா ஆய்வில் டொக்சி (Doxey) என்ற ஆய்வாளர் 1975இல் சொன்ன படிநிலை ஒன்றை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள்: முதலில் உற்சாகம், பிறகு கண்டுகொள்ளாமை, பிறகு எரிச்சல், கடைசியில் பகை. கொழும்புக்காரர் அந்த ஏணியின் முதல் படியிலேயே காலை வைக்கவில்லை. உற்சாகமே இல்லாத இடத்தில் எரிச்சல் மட்டும் எப்படி வந்தது? அங்கேதான் பெருந்தொற்று வருகிறது.

2020 ஜனவரி 27ஆம் திகதி நாட்டின் முதல் நோயாளி உறுதியானார். சீனாவிலிருந்து வந்த உல்லாசப் பயணி. அங்கொடை ஐ.டி.எச். தொற்றுநோய் வைத்தியசாலையில் குணமாகி அவர் புறப்பட்டபோது சுகாதார அமைச்சர் அணைத்து வழியனுப்பிய படம் பத்திரிகைகளில் வந்தது. அப்போது இங்கே யாருக்கும் உல்லாசப் பயணி மேல் கோபமில்லை. மார்ச் 10ஆம் திகதி உள்ளூரில் முதல் நோயாளி. இத்தாலியப் பயணிகளை அழைத்துச் சென்ற சுற்றுலா வழிகாட்டி அவர். ஒரே இரவில் மனம் மாறிவிட்டது. வாடகை வேன் ஓட்டும் ஒரு தம்பி எங்கள் மாடியில் இருந்தார். விமான நிலையச் சவாரி எடுப்பவர். மின்தூக்கியில் அவர் ஏறினால் மற்றவர்கள் படியில் போனார்கள். நானும் ஒரு முறை படியில் போனேன், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. மார்ச் 20இல் ஊரடங்கு. கொழும்பில் அது மே மாதக் கடைசி வரை நீண்டது.

அந்த ஊரடங்கின் நடுவில் நடந்த ஒன்றை உங்கள் ஆய்வில் கட்டாயம் சேர்க்க வேண்டும். ஏப்ரல் தொடக்கத்தில் 'எம்.எஸ்.சி. மக்னிஃபிகா' என்ற பெரிய உல்லாசக் கப்பல் எரிபொருளுக்காகக் கொழும்புக்கு வந்தது. உலகைச் சுற்றப் புறப்பட்ட பயணம், துறைமுகங்கள் மூடப்பட்டதால் இடையில் குலைந்துபோயிருந்தது. கப்பலில் வேலை பார்த்த ஒரே இலங்கையர் ஒரு சமையற்காரர். தன்னை இங்கே இறக்கிவிடும்படி காணொளியில் வேண்டுகோள் விடுத்தார். ஏப்ரல் 6ஆம் திகதி கடற்படையினர் உடல் முழுக்கப் பாதுகாப்பு உடை அணிந்து போய் அவரை இறக்கித் தனிமைப்படுத்தல் நிலையத்துக்குக் கொண்டுசென்றார்கள். சிகிச்சை தேவைப்பட்ட ஜேர்மன் பெண் ஒருவரும் அதே நாளில் இறக்கப்பட்டார். நோய்க்கு அஞ்சி எல்லோரும் வீட்டுக்குள் கிடந்த நேரம் அது. ஆனால் எங்கள் மாடியில் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. 'பாவம், நம் பிள்ளை' என்றார்கள். அந்த ஜேர்மன் நோயாளியையும் 'பாவம்' என்றார்கள். அச்சம் மட்டுமே மனநிலையைத் தீர்மானிக்கும் என்றால் இது நடந்திருக்கக் கூடாது. வருகிறவருக்கு வரவேண்டிய தேவை இருக்கிறது, அவரும் நம்மைப் போலவே அடைபடப் போகிறார் என்று தெரிந்தால் இந்த ஊர் கதவைத் திறக்கும்.

இனி அதே ஆண்டின் ஒக்டோபருக்கு வாருங்கள். மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையில் தொடங்கிய தொற்றுக் கொத்தணி, பேலியகொடை மீன் சந்தைக்குப் பரவியது. சந்தை மூடப்பட்டது. முகத்துவாரம், மட்டக்குளி, புளூமெண்டல், கிராண்ட்பாஸ், பிறகு எங்கள் கொட்டாஞ்சேனை என்று வட கொழும்பு முழுவதும் அடைக்கப்பட்டது. சில இடங்கள் வாரக்கணக்கில், சில தொடர்மாடிகள் மாதக்கணக்கில். மீனில் கொரோனா இருக்கிறதென்று கதை கிளம்பி, யாரும் மீனைத் தொடவில்லை. முன்னாள் கடற்றொழில் அமைச்சர் திலிப் வெதஆரச்சி செய்தியாளர்கள் முன்னால் பச்சை மீனைக் கடித்துக் காட்டினார். வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். முகத்துவாரத்தில் படகு வைத்திருப்பவர்கள் சிரிக்கவில்லை. கடலுக்குப் போகத் தடை இல்லை, கொண்டுவந்த மீனை விற்க வழி இல்லை. எனக்குத் தெரிந்த ஒருவர், நான் அண்ணன் என்று அழைப்பவர், சூரை மீனை இலவசமாக மாடி மாடியாகக் கொண்டுவந்து வைத்தார். எடுக்கவும் ஆளில்லை. 'கடலில் எனக்கு நோய் வரவில்லை தம்பி, கரையில்தான் வந்தது' என்றார்.

அந்த நிலையில்தான் டிசெம்பர் வந்தது. 28ஆம் திகதி உக்ரைனியப் பயணிகளின் முதல் விமானம் மத்தலையில் இறங்கியது. நாட்டை மீண்டும் உல்லாசப் பயணத்துக்குத் திறப்பதற்கான முன்னோட்டம் என்றார்கள். பயணிகள் ஊராரோடு கலக்காமல் ஒரு 'குமிழி'க்குள் இருப்பார்கள் என்றும் சொன்னார்கள். வந்தவர்களில் சிலருக்குத் தொற்று உறுதியானது. வட கொழும்பின் சில பகுதிகள் அன்றும் திறக்கப்படவில்லை. அந்த மாதம் இன்னொன்றும் நடந்தது. பிறந்து இருபது நாளே ஆன ஒரு முஸ்லிம் குழந்தையின் உடல், பெற்றோர் சம்மதமில்லாமல் பொரளையில் எரிக்கப்பட்டது. கொரோனாவால் இறந்தவரைப் புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும், இங்கே எரிப்பது மட்டுமே சட்டமாக இருந்தது. மயானத்து வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். 2021 மார்ச்சில்தான் ஓட்டமாவடியில் புதைக்க இடம் கிடைத்தது. இதைப் படகுச் சுற்றுலாவோடு ஏன் சேர்க்கிறேன் என்று உங்கள் மேற்பார்வையாளர் கேட்கலாம். மாளிகாவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒருவரிடம் 'தொற்றுக் காலத்தில் வெளிநாட்டவருக்குக் கதவு திறக்கலாமா' என்று கேட்கும்போது, அவர் மனதில் ஓடுவது தொற்று எண்ணிக்கை அல்ல. தன் வீட்டில் பொலிஸ் நாடா கட்டியதும், தன் பிள்ளையை எரித்ததும், அதே நாட்களில் யாரோ யானை பார்க்கப் போனதும்தான்.

எதிர்ப்பக்கத்து நியாயத்தையும் மறைக்கக் கூடாது. 2018இல் நாட்டுக்கு வந்த உல்லாசப் பயணிகள் 23 இலட்சத்து 33 ஆயிரத்துச் சொச்சம். 2019 ஏப்ரல் 21ஆம் திகதிக் குண்டுகளுக்குப் பிறகு அந்த ஆண்டு 19 இலட்சம் ஆனது. அந்தக் குண்டுகளில் ஒன்று வெடித்த கொச்சிக்கடை அந்தோனியார் கோவில் என் வீட்டிலிருந்து நடை தூரம். 2020இல் ஐந்து இலட்சம், 2021இல் இரண்டு இலட்சத்துக்கும் குறைவு. வேன் ஓட்டும் அந்தத் தம்பிக்கு இந்த எண்கள் மாதத் தவணைகளாகத்தான் புரிந்தன. லீசிங் நிறுவனம் வேனைத் தூக்கிக்கொண்டு போனது. அரசு கொடுத்த 5,000 ரூபா எத்தனை நாளுக்கு? உக்ரைனியர் வந்தபோது எங்கள் மாடியில் 'வரட்டும்' என்று சொன்ன ஒரே குரல் அவருடையது. மின்தூக்கியில் அவரைக் கண்டு விலகிய எங்களுக்கு அவரோடு வாதம் செய்யும் தகுதி இருந்ததா தெரியவில்லை.

வெளிநாட்டில் இதை எப்படிக் கையாண்டார்கள் என்பதில் எனக்குப் பிடித்த இரண்டு மூன்று சங்கதிகள் இருக்கின்றன. குரோவேசியாவில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட வாடகைப் படகுகள் உண்டு. உலகிலேயே பெரிய தொகுதிகளில் ஒன்று. அங்கே முர்ட்டர் என்ற சின்னத் தீவு படகுகளை வைத்தே பிழைக்கிறது. 2020 மார்ச் கடைசியில் அந்தத் தீவையே தனிமைப்படுத்தி மூடினார்கள். கோடையில் நாடு திறந்தபோது படகுகள் திரும்பி வந்தன, தீவும் ஏற்றுக்கொண்டது. அங்கே படகின் வருமானம் வீட்டுக்கு வீடு போகிறது: இடம் வாடகை, சாப்பாட்டுக் கடை, இயந்திரம் திருத்தும் மாமா, குளிர்காலத்தில் படகுக்கு வண்ணம் பூசும் மருமகன். மூடியதும் அவர்களைத்தான் வருத்தியது, திறந்ததும் அவர்களுக்குத்தான் உதவியது. நான் மேலே சொன்ன ஆற்றாமைக்கு அங்கே இடம் குறைவு.

மாலைதீவு வேறு வழியில் போனது. 2020 ஜூலை 15ஆம் திகதி நாட்டைத் திறந்தபோது, ஒரு தீவில் ஒரே விடுதியாக இருக்கும் இடங்களையும், பயணிகள் படகிலேயே தங்கும் உல்லாசக் கலங்களையும் மட்டும் அனுமதித்தது. மக்கள் வாழும் தீவுகளில் உள்ள விருந்தினர் இல்லங்கள் ஒக்டோபர் 15 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நோய்க் கண்ணோட்டத்தில் புத்திசாலித்தனம். படகென்பது மிதக்கும் தனிமைப்படுத்தல் நிலையம்தானே. ஆனால் வருமானக் கண்ணோட்டத்தில் பாருங்கள். பெரிய முதலாளிக்கு ஜூலையில் சம்பளம், தன் வீட்டில் நான்கு அறை கட்டி வாடகைக்கு விட்ட தீவுவாசிக்கு ஒக்டோபரில். படகு பாதுகாப்பானது என்பதற்கான காரணமும், படகால் ஊருக்குக் காசு கிடைக்காததற்கான காரணமும் ஒன்றுதான்: அது கரையைத் தொடுவதில்லை. இந்த முடிச்சை எந்த ஆய்வாளரும் எளிதில் அவிழ்க்க முடியாது என்று நினைக்கிறேன். தாய்லாந்து 2021 மார்ச்சில் புக்கெட்டில் ஒரு நடுவழி பார்த்தது. படகில் வருபவர்கள் படகிலேயே தனிமைப்படுத்தலைக் கழிக்கலாம், கையில் கண்காணிப்புப் பட்டை கட்டியிருக்க வேண்டும். சாமான் கொண்டுபோய்க் கொடுப்பவருக்காவது வேலை இருந்தது.

கையில் பட்டை என்றதும் எனக்கு என் பாட்டனார் நினைவு வந்தது. அவர் மண்டபம் முகாம் வழியாக வந்தவர். தோட்ட வேலைக்கு இலங்கை வரும் இந்தியத் தமிழர்களை அந்த முகாமில் நிறுத்தி, உடம்பைப் பார்த்து, ஊசி போட்டு, துணிகளை மருந்துப் புகையில் வேகவைத்துத்தான் கப்பலேற்றினார்கள். பாட்டனார் அதைக் கடைசிவரை அவமானமாகவே சொல்லிக்கொண்டிருந்தார். நோய்த் தடுப்பு தேவைதான், ஊசியும் நல்லதுதான். அவர் மறக்காதது வரிசையில் நிற்கவைத்த விதத்தை. கொழும்பில் வாழும் மலையக வழித் தமிழர் பலரது வீட்டில் இப்படி ஒரு கதை இருக்கும். தனிமைப்படுத்தல் என்ற சொல் நமக்கு 2020இல் வந்த சொல் அல்ல.

2021 மே மாதத்தைச் சொல்லாமல் விட முடியாது. 20ஆம் திகதி 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' என்ற சரக்குக் கப்பல் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றியது. 1,486 கொள்கலன்கள், அவற்றில் 25 தொன் நைத்திரிக் அமிலம். அடுத்த நாளே நாடு முழுவதும் பயணத்தடை. வீட்டுக்குள் அடைபட்டபடி மொட்டைமாடியிலிருந்து கரும்புகையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஜூன் 2ஆம் திகதி கப்பல் தாழத் தொடங்கியது. கரையெங்கும் பால்பொடி கொட்டியது போல பிளாஸ்டிக் மணிகள், இறந்த ஆமைகள். மீன்பிடிக்கத் தடை. ஒக்டோபரில் விற்க முடியாத மீனை இப்போது பிடிக்கவே முடியவில்லை. அதன் பிறகு முகத்துவாரத்தில் கடல்வழி வருகிற எதைப் பற்றிக் கேட்டாலும் முதல் விடை அந்தக் கப்பலாகத்தான் இருக்கும். உல்லாசப் படகுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று நீங்கள் விளக்கலாம். அவர் தலையாட்டுவார், கணிப்புத் தாளில் 'எதிர்க்கிறேன்' என்றே குறிப்பார்.

இப்போது துறைமுக நகரம். கடலை நிரப்பி எடுத்த 269 ஹெக்டேயர் நிலம். அதற்காகக் கடலடி மணலை அள்ளியபோது நீர்கொழும்புப் பக்கத்துக் கடற்றொழிலாளர்கள் போராடினார்கள். 2021 மே மாதத்தில், அதே தொற்று அலைக்கும் அதே தீப்பிடித்த கப்பலுக்கும் நடுவில், அதற்கான தனிப் பொருளாதார ஆணைக்குழுச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 2022 ஜனவரியில் படகுத்துறையோர நடைபாதையை மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். நானும் பேரப்பிள்ளைகளோடு போய்ப் பார்த்தேன். அழகாகத்தான் இருக்கிறது. பிள்ளைகள் படகு எங்கே என்று கேட்டார்கள். நான் தண்ணீரைக் காட்டினேன்.

இந்தப் படகுத்துறை முழுதாக இயங்கத் தொடங்கினால் கொழும்புக்காரர் மனம் எப்பக்கம் சாயும் என்பதை நோய் தீர்மானிக்காது, வாசல் தீர்மானிக்கும். காலியில் துணி துவைத்தவரும் முச்சக்கர வண்டிக்காரரும் படகின் பக்கத்திலேயே நின்றார்கள். நவீன படகுத்துறையில் சலவைக்கு இயந்திரம், சாமானுக்கு உள்ளேயே கடை, பழுதுக்கு ஒப்பந்த நிறுவனம். எல்லாம் வாசலுக்கு உள்ளே. வெளியே நிற்பவருக்கு அது ஒரு காட்சி. காட்சியை யாரும் வெறுப்பதில்லை, இடையில் பொலிஸ் நாடா கட்டப்படும் வரை. முகத்துவாரத்துக்கும் நீர்கொழும்புக்கும் இடையில் கண்ணாடி இழைப் படகு வேலை தெரிந்த கைகள் ஏராளம். பலநாள் மீன்பிடிக் கலங்களைத் திருத்துபவர்கள். நம் நாட்டுப் பட்டறைகள் மாலைதீவுக்கே படகு கட்டி அனுப்புகின்றன. அந்தக் கைகளை வாசலுக்கு உள்ளே விட்டால், இன்னொரு தொற்று வரும்போது 'படகு வரட்டும்' என்று சொல்ல வட கொழும்பில் ஆயிரம் குரல் இருக்கும். விடாவிட்டால் வேன் தம்பி மட்டும்தான், அவரும் இப்போது கட்டாரில் இருக்கிறார்.

கணிப்பை எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டீர்கள். காலி முகத்திடலில் மாலை ஆறு மணிக்கு இறால் வடை தின்பவர்களிடம் தொடங்காதீர்கள். அங்கே எல்லோரும் நல்ல மனநிலையில் இருப்பார்கள், பாதிப் பேர் வெளியூர். முகத்துவார மீன்பிடித் துறைமுகத்துக்குக் காலை ஐந்து மணிக்குப் போங்கள், படகுகள் இறங்கும் நேரம். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், பூசைக்குப் போய்விடுவார்கள். சிங்களமும் பேசக்கூடிய ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். அங்கே ஒரே வாக்கியத்தில் இரண்டு மொழியும் வரும். 'உல்லாசப் படகுச் சுற்றுலாவை ஆதரிக்கிறீர்களா' என்ற கேள்வியைக் கடைசியில் வையுங்கள். முதலில் இப்படிக் கேளுங்கள்: உங்கள் வீடு எத்தனை நாள் மூடியிருந்தது? அந்த நாட்களில் யாருக்குத் திறந்திருந்ததாக நினைக்கிறீர்கள்? வெளிநாட்டுப் படகிலிருந்து இதுவரை உங்கள் கைக்கு நேராகக் காசு வந்திருக்கிறதா? இவை மூன்றுக்கும் விடை எழுதிய பிறகு நான்காவது கேள்விக்கு அவர் என்ன குறிப்பார் என்பதை நீங்களே ஊகித்துவிடுவீர்கள். ஊகத்தையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு ஒப்பிடுங்கள். துறைமுகத்து வாசலில் நான் சொன்ன அந்த அண்ணன் சூரை மீன் பெட்டிகளோடு நிற்பார். நீங்கள் கேட்பதற்கு முன்பே அவர் உங்களைக் கேட்பார், மீன் வேண்டுமா என்று. ஒரு கிலோவாவது வாங்கிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.